படகெல்லாம் வந்த பிறகு பெருக்கலாம்

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் ஆபீஸிலிருந்து திவ்யா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். கெட்டிக்காரி, பொறுமைதான் கொஞ்சம் குறைவு. எங்கள் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடப் போகிறார்களாம். அதற்கு முன்னால் அதில் இருக்கிற படகுப் பதிவுகளைப் புது மிஷினுக்கு மாற்றும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"சார், இதுல ஓரம்னு ஒரு ஃபோல்டர் கீது. உள்ள பூரா டெம்ப் ஃபைலு. டேட்டாபேஸ் போட்டுட்டுப் போன குப்பை. நூறுக்கு மேல இருக்கும் சார். மொத்தமா அழிச்சுடட்டா?"

அரைத் தூக்கத்தில் என் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

"படகெல்லாம் வந்துடுச்சாம்மா?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "இன்னா சார் இது! எஸ்தர் அக்காவக் கேட்டேன், அவங்களும் இதையேதான் கேட்டாங்க. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினீங்களா?"

எஸ்தர் என்னோடு பல வருஷம் அதே ஆபீஸில் இருந்தவள்தான், ஆனாலும் பேசியெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்குத் தொடாதே, காரணத்தை அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். தூக்கம் எங்கோ போய்விட்டது. அந்தக் காரணத்தைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் திருப்பாலைவனத்துக்காரன். எங்கள் குடும்பம் நெல் விவசாயம். அறுப்பு முடிந்து களத்தைக் கூட்டும்போது ஒரு மணி கிடந்தாலும் எங்கள் நைனா விடமாட்டார். அந்த ரத்தம்தான் எனக்கும். கலைந்து கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்தேன், பழவேற்காட்டில் மீனவர் சங்க ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. என்னை மெட்ராஸுக்குப் பத்து நாள் அனுப்பிக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் ஆறு நாள் கரண்ட் இல்லை. திரும்பி வந்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் ஏகாம்பரம் என்று பேர்.

எங்கள் ஆபீஸ் ஏரிக்கரையில் இருந்தது. என் மேஜைக்கு எதிரே ஒரு பெரிய ஜன்னல். மார்கழி, தை மாதங்களில் காலையில் பார்த்தால் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாம் ஒரே பால் நிறம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் இஞ்சின் சத்தம் வரும், பிறகு பேச்சுக்குரல் வரும், கடைசியில்தான் படகு வரும். சில நாள் படகு வராமல் குரல் மட்டும் வந்து போய்விடும். நான் நெல்வயலில் வளர்ந்தவன், தண்ணீரைக் கண்டால் பயம். அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே என் வாழ்க்கை முழுக்க ஏரியைப் பார்த்து முடித்துவிட்டேன்.

வேலை என்னவென்றால், முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும் படகுகளைப் பதிவது. விடியற்காலையில் போகிறவர்கள் ஜன்னலோரம் வந்து குரல் கொடுப்பார்கள். யார் படகு, எத்தனை ஆள், வடக்கா தெற்கா, எத்தனை பாகம் ஆழம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். அதை அடித்துக்கொள்வோம். திரும்பி வந்ததும் அதே ஜன்னலில் 'வந்துட்டேன்' என்பார்கள். அந்தப் பேருக்கு எதிரே 'வந்தது' என்று போடுவோம். அவ்வளவுதான் வேலை. அந்தக் காலத்து மிஷினில் தமிழ் கிடையாது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்போம்.

இந்த டெம்ப் ஃபைல் சமாசாரத்தை எங்கள் ஊர் பாஷையில் சொல்லிவிடுகிறேன். அறுத்த நெல்லை நேராகக் குதிரில் கொட்டமாட்டோம் இல்லையா? முதலில் களத்தில் போட்டுத் தூற்றுவோம், பிறகு குதிருக்குப் போகும், கடைசியில் களத்தைக் கூட்டிவிடுவோம். டேட்டாபேஸும் அப்படித்தான். நாம் அடிப்பதை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் போட்டு வைக்கும். சேமித்ததும் பெரிய பதிவேட்டில் ஏற்றிவிட்டு, தற்காலிகக் கோப்பைத் தானே அழித்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் பதிவேட்டிலும் ஏறாது, அழிக்கவும் ஆள் இருக்காது. களத்து நெல் களத்திலேயே கிடக்கும். அப்படிக் கிடப்பவை நாளுக்கு நாலு, ஐந்து சேரும். எங்கள் மிஷினில் இடமோ கையளவு. வாரத்துக்கு ஒரு முறையாவது 'இடமில்லை' என்று சொல்லி நின்றுவிடும்.

அதைக் கூட்டிப் பெருக்குவதற்கு எங்கள் சூப்பரிண்டெண்ட் தாமோதரம் சார் ஒரு முறை வைத்திருந்தார். சூலூர்பேட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். குள்ளமான மனிதர். திட்டுவதற்காகக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம்தான் காதைக் கொண்டுபோக வேண்டும். கீபோர்டைத் தொடும் முன் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொள்வார். உப்புக் காற்று கையில் ஒட்டியிருக்கும் என்பார். பிறகு எழுந்து நின்று, "யாராவது உள்ள கீறீங்களா?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்பார். உள்ளே என்றால் டேட்டாபேஸுக்குள். இருந்ததே இரண்டு மிஷின். இன்னொன்றில் உட்கார்ந்திருப்பவன் நான், அவருக்கு மூன்றடி தள்ளி. நானும் ஒவ்வொரு முறையும், "இல்ல சார், வெளிய வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது. வந்து என் திரையை எட்டிப் பார்ப்பார்.

அடுத்து, இன்று மிஷினைப் போட்ட நேரத்தைக் கேட்பார். அதற்கு முன்னால் பிறந்த கோப்பு என்றால் அனாதை. அதற்குப் பிறகு பிறந்தது என்றால் யாரோ வைத்திருக்கிறார்கள், தொடக்கூடாது. அனாதைகளின் பேரை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதச் சொல்வார். பேர், பிறந்த நேரம், அளவு. எழுதிய பிறகும் அழிக்கமாட்டார். ஓரம் என்று ஒரு இடம் வைத்திருந்தார், அங்கே நகர்த்தி வைப்பார். ஒரு வாரம் வரை யாரும் அதைத் தேடி வராவிட்டால்தான் திங்கட்கிழமை அழிப்பது. நாற்பது நிமிஷம் பிடிக்கும் இந்தச் சடங்கு. ஒரு வரிக் கட்டளையில் இரண்டு வினாடியில் முடிகிற வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எஸ்தர் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். பக்கத்து மீனவர் குப்பமான தோணிரேவுப் பெண். வீட்டுக்காரர் ஏரியில் இறால் பிடிப்பவர். பதிவு அடிப்பதற்காக எடுத்திருந்தார்கள். இரண்டே விரலில் அடிப்பாள், ஆனால் தப்பே வராது. வந்த முதல் வாரம் நான் மத்தியானத்தில் மிஷினைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"இன்னா சார் பண்றீங்க?"

"குப்பையப் பெருக்கறேன்."

"படகுங்க கடல்ல இருக்கறப்பவா?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். வீட்டு ஆம்பளை தண்ணிக்குப் போனால் திரும்புகிறவரை அவர்கள் வீட்டில் துடைப்பத்தைத் தொடமாட்டார்களாம். போனவனின் கால் தடம் வாசல் மணலில் இருக்கிறதே, அதை அழிக்கக்கூடாதாம்.

"நீ சர்ச்சுக்குப் போற பொண்ணுதானே? உனக்கு இன்னா இதெல்லாம்?" என்றேன்.

"சாமிக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல சார். இது எங்க வீட்டு வழக்கம். எதிர் வீட்டு நாகம்மா கோயிலுக்குப் போறவங்க, அவங்களும் பெருக்கமாட்டாங்க."

"இது கம்ப்யூட்டர், எஸ்தர். மணல் இல்ல."

"அதுக்குள்ளயும் அவங்க பேருதானே சார் கீது?"

அன்று வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த நாள் தாமோதரம் சாரிடமும் சொன்னேன், அவரும் சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை. "அவ சொல்றதும் சரிதான் நைனா. படகு வர வரைக்கும் அந்த வேல முடியல. முடியாத வேலையோட ஃபைல நீ இன்னாத்துக்குத் தொடற?" என்று கேட்டுவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பெருக்குகிற நேரம் கடைசிப் படகு வந்த பிறகு என்று ஆனது. இரண்டு பேர் ஒரு கட்சி, நான் தனிக் கட்சி.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். 

தை மாதம். ஏரி மேல் வழக்கத்தைவிடக் கெட்டியான பனி. நான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது எஸ்தர் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் எல்லாரும் வடக்கே போயிருந்தார்கள். யாரும் மாற்றிச் சொல்லாவிட்டால் பட்டியலில் நேற்றைய திசையே நிற்கும். அன்றைக்குத் தெற்கே வவ்வால் மீன் தெரிகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஏழெட்டுப் பேர் கடைசி நேரத்தில், "வடக்க இல்லம்மா, தெக்கன்னு மாத்திக்கோ" என்று பனிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். அதையெல்லாம் மாற்றி அடிக்கும்போது கரண்ட் போய்விட்டது.

அரை மணி கழித்துக் கரண்ட் வந்து மிஷினைப் போட்டால் மாற்றியது எதுவும் ஏறவில்லை. எல்லாருக்கும் நேற்றைய வடக்கே நிற்கிறது. எஸ்தர் நினைவில் இருந்ததை வைத்து ஐந்து பேருக்குத் திரும்ப அடித்தாள்.

"இன்னும் ரெண்டு மூணு பேரு மாத்தினாங்க சார், யாருன்னு நெனப்பு வரல. பனியில மொகமும் தெரியல. ஆனா டெம்ப் ஃபைலு அப்படியே நிக்குது. பெரிய சார் வந்ததும் அதத் திறந்து பாத்துடலாம். அது வரைக்கும் பெருக்காதீங்க சார்."

தாமோதரம் சார் பொன்னேரியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். "சரி சரி" என்றேன்.

மத்தியானம் எஸ்தர் சாப்பிடப் போனாள். நான் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தேன். 'இடமில்லை' என்றது. மறுபடி திறந்தேன், மறுபடி 'இடமில்லை'. எரிச்சல். சார் ஊரில் இல்லை, நோட்டு இல்லை, சடங்கு இல்லை. ஒரு வரி அடித்தேன். ஒரே வரியில் எல்லா டெம்ப் ஃபைலும் போயிற்று. காலையில் எஸ்தர் சொன்னது அப்போது நினைவில் இல்லை என்று எழுதினால் பொய். நினைவு இருந்தது. எல்லாரும் சாயந்திரம் வரப்போகிறவர்கள்தானே என்று நினைத்தேன். மிஷின் சுத்தமாயிற்று. கூட்டிய களத்தைப் பார்க்கிற மாதிரி அந்த வெறும் திரையைப் பார்த்தேன், மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி கலைந்து, ஏரி தகடு போல மினுமினுத்தது. மேஜை மேல் தலையை வைத்தேன். தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது ஜன்னலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எஸ்தர் சொன்ன அந்த எதிர் வீட்டு நாகம்மா. எல்லாப் படகும் அப்போதுதான் துறைக்கு வந்து மீன் இறக்கிக்கொண்டிருக்கிறதாம். அவள் புருஷன் கோட்டய்யாவின் படகு மட்டும் வரவில்லை. அதில் கோட்டய்யா, கூட அவளுடைய தம்பிகள் இரண்டு பேர். மணி மூன்றரை. வாடைக் காற்று ஏற ஆரம்பித்திருந்தது.

"எந்தப் பக்கம்னு போட்டிருக்குது சார்?"

பட்டியலைப் பார்த்தேன். "வடக்கு."

"வீட்ல சொல்றப்பவும் வடக்கன்னுதான் சொல்லிச்சு" என்றாள். தேடப் போகிறவர்களிடம் சொல்லப் படகுத்துறைப் பக்கம் ஓடினாள். தேடிப் போகும் அளவுக்கு டீசல் போட்டிருந்தது அன்றைக்கு ஒரே ஒரு படகுதான். இருட்டுவதற்கு முன் அது ஒரு பக்கம் போய் வரலாம். இரண்டு பக்கமும் போக நேரம் கிடையாது.

அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்த எஸ்தரின் முகம் மாறிவிட்டது. "சார், கோட்டய்யா அண்ணன் ஜன்னல்ல வந்து ஏதோ மாத்திச் சொன்னாரு சார். தெக்கன்னுதான் நெனைக்கறேன். ஆனா சத்தியம் பண்ண முடியாது. அது அவரு கொரலா, வேற யாரோடதான்னு..." பேசிக்கொண்டே மிஷினில் அந்தக் கோப்பைத் தேடினாள். மேலே போனாள், கீழே போனாள். பிறகு கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெருக்கிட்டீங்களா சார்?"

அந்தக் கேள்வியை அவள் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.  தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த நேரத்தில்தான் பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடையை மடக்கிக்கொண்டே தாமோதரம் சார் உள்ளே வந்தார். எஸ்தர் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவர் குடையைச் சாத்தி வைத்தார்.

"யாரும் மிஷினத் தொடாதீங்க. ஏகாம்பரம், அழிச்சதுக்கு அப்பால ஏதாவது அடிச்சியா? ஒரு எழுத்து? ஒரு லெட்டர்?"

"இல்ல சார்."

"இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"தூங்கிட்டேன் சார்."

"நல்லது" என்றார்.

கேலி பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. அந்தக் காலத்து மிஷினில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே போய்விடாது. பேரின் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, இந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். மீதி எல்லாம் அப்படியே கிடக்கும். அதன் மேல் வேறு எதையாவது எழுதும்போதுதான் நிஜமாகவே போகும். நான் வேலை செய்திருந்தால் போயிருக்கும். என் சர்வீஸில் நான் தூங்கியதால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

சார் கையைக் கழுவித் துண்டில் துடைத்தார். அந்த அவசரத்திலும் துடைத்தார். பீரோவிலிருந்து, அழித்ததை மீட்கிற புரோகிராம் இருந்த ஒரு பிளாப்பியை எடுத்து மிஷினில் போட்டார். பிறகு தான் உட்காராமல் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"நீ உக்காரு நைனா."

"நான் இத எடுத்ததே இல்ல சார். நீங்களே..."

"நான் சொல்றேன். நீதான் அழிச்ச, நீதான் எடுக்கணும்."

எஸ்தரைப் பார்த்து, "நீ துறைக்கு ஓடு. இருபது நிமிஷம் நிறுத்தி வை. வடக்க போவவேணாம்னு சொல்லாதே, நில்லுங்கன்னு மட்டும் சொல்லு" என்றார். அவள் செருப்பைக்கூடப் போடவில்லை.

அழித்தவற்றின் பட்டியல் திரையில் வந்தது. பதினோரு கோப்பு. ஒவ்வொரு பேரிலும் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. சார் விரலை வைத்துப் பிறந்த நேரத்தைப் படித்துக்கொண்டே வந்தார். விடியற்காலை, கரண்ட் போவதற்குச் சற்று முன். அங்கே விரல் நின்றது. அதைத் தேர்ந்தெடுத்தேன். இந்தக் கோப்பின் முதல் எழுத்து என்ன என்று மிஷின் கேட்டது.

எனக்கு எப்படித் தெரியும்? அவை மிஷின் தானாக வைத்துக்கொள்கிற பேர்கள். ஏதோ ஒரு எழுத்தைப் போட்டால் போதும் என்று இப்போது சுலபமாகச் சொல்வேன். அன்றைக்குத் தப்பான எழுத்தைப் போட்டால் மூன்று பேரும் கடலோடு போய்விடுவார்கள் என்கிற மாதிரி விரல் அந்தரத்தில் நின்றது.  அதற்குள் எஸ்தர் மூச்சு வாங்க ஜன்னலுக்கு வந்துவிட்டாள். "நிக்கறாங்க சார். ஆனா இஞ்சின நிறுத்தல" என்றாள். சார், "ஏதாவது ஒரு எழுத்து போடு நைனா, பேர் முக்கியம் இல்ல" என்றார். அப்படியும் என் விரல் இறங்கவில்லை.

"கே போடுங்க சார்" என்றாள் எஸ்தர். "கோட்டய்யா அண்ணனுக்கு."

போட்டேன்.

கோப்பு வந்தது. திறந்தால் திரை முழுக்கச் சிரித்த முகங்களும் சீட்டுக்கட்டுக் குறிகளும் கோடுகளும். அந்தக் காலத்து மிஷினில் படிக்கத் தெரியாததையெல்லாம் இப்படித்தான் காட்டும். அந்தக் குப்பைக்குள் அங்கங்கே பேர்கள். ஒரு பேர், பாதி எண், மறுபடி சிரித்த முகம். நான் ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். சார் என் தோளுக்கு மேல் குனிந்திருந்தார், அவர் மூச்சு காதில் பட்டது. நாலாவது பக்கத்தில் கோட்டய்யா. மூன்று ஆள். தெற்கு. எட்டு பாகம்.

"தெக்க" என்று நான் சொல்வதற்குள் ஜன்னலில் எஸ்தர் இல்லை.

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சார் ஜன்னலோரம் போய் நின்றார். நானும் போய் நின்றேன். ஏரி மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் நிறமே இல்லாமல் போயிற்று. தூரத்தில் பூநாரைகள் ஒரே காலில் நின்றுகொண்டிருந்தன, ஒன்றும் நடக்காத மாதிரி. எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. அந்த நேரத்தை என்னால் இன்றைக்கும் அளக்க முடியவில்லை. சில சமயம் கனவில் அதே ஜன்னலில் நிற்கிறேன். பனிக்குள் குரல் கேட்கிறது, யார் குரல் என்று தெரிவதில்லை.

வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முகத்துவாரப் பக்கம் இஞ்சின் சத்தம் கேட்டது. ஒரு படகு இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. தெற்கே இஞ்சின் படுத்துவிட்டதாம். நங்கூரமும் அறுந்து, காற்று இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். இருட்டியிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது என்று தேடிப் போனவர்கள் சொன்னார்கள். மூன்று பேருக்கும் உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கோட்டய்யா நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லா நாளும் வருகிற மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டேன்மா. எழுதிக்கோ."

எஸ்தர் இரண்டு விரலால் 'வந்தது' என்று அடித்தாள். அடித்துவிட்டு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது நாகம்மா அழுகையும் சிரிப்புமாக எஸ்தரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "காலையிலேர்ந்து வீடு போட்டது போட்டபடி கெடக்குது எஸ்தரு. இப்ப பெருக்கலாம்னா விளக்கும் வச்சாச்சு. இனிமே நாளைக்குத்தான்."

விளக்கு வைத்த பிறகு பெருக்கக்கூடாது. அது எங்கள் ஊரிலும் உண்டு. அந்த ஒன்றிலாவது நானும் அவர்களும் ஒரே கட்சி.

சார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்றார். "ஏகாம்பரம், அந்தப் பதினோரு ஃபைலோட பேரையும் நாளைக்கு நோட்டுல எழுதிடு" என்றார். காதைக் கொண்டுபோய்க் கேட்கும் அளவுக்கு மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். மறுநாள் காலை எஸ்தரோடு தோணிரேவுக்கே போனேன். நாகம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். என் கையால் நடந்ததைச் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றாள். அந்த டீயைப் போல நான் எதையும் கஷ்டப்பட்டுக் குடித்ததில்லை.

பிற்பாடு மிஷின்கள் மாறின. தாமோதரம் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நீல அட்டை நோட்டு என்னிடம் வந்தது. கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு, "யாராவது உள்ள கீறீங்களா?" என்று கேட்கிறவன் நானானேன். புதிதாக வந்த பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சாரை மீறினேன். ஓரத்தில் ஒரு வாரம் என்று அவர் வைத்த கெடுவை நான் நீட்டிக்கொண்டே போனேன். இடம் பெரிதாகிவிட்டது, அவசரம் இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அழிக்கக் கை வரவில்லை. திவ்யா, நீ பார்த்த அந்த நூறும் அதுதான். அதில் இருக்கிற படகெல்லாம் வந்தாயிற்று. எஸ்தரைக் கேட்டு, நோட்டில் எழுதிவிட்டு அழித்துக்கொள். நாளைக்கு இன்னொரு மிஷினில் இன்னொன்று நிற்கும்போது மட்டும், அது யாருடைய பாதி வேலை என்று கேட்காமல் கையை வைக்காதே.

ஓய்வு பெற்ற நாளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது முடியாது.

கடைசியாக எங்களிடம் இருந்த டேட்டாபேஸில் ஒரு பூட்டுக் கோப்பு உண்டு. பதிவேட்டை யார் திறக்கிறார்களோ அவர் பேரை அது எழுதிவைத்துக்கொள்ளும். ஒழுங்காக மூடி வெளியே வந்தால் தானே அழியும். மூடாமல் போனால், ஆள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றாலும் அது அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருக்கும். அன்றைக்கு நான் வேலையில் இருக்கும்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாலை போட்டுவிட்டார்கள். யாரோ மிஷினை சுவிட்சில் அணைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. மாலையும் மிக்சர் பொட்டலமும் மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் சீட்டு. காற்று. தூங்கிவிட்டேன். முழித்துப் பார்த்தால் பொன்னேரி. திருப்பாலைவனம் எப்போதோ போய்விட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. எஸ்தர்.

"சார், வீடு சேந்துட்டீங்களா?"

"இல்ல எஸ்தர். பொன்னேரில நிக்கறேன். தூங்கிட்டேன்."

"இன்னா சார் நீங்க! நானும் எவ்ளோ நேரம் பாத்துக்கினு இருக்கறது?" என்று கடிந்துகொண்டாள். "சீக்கிரம் போய்ச் சேருங்க. சேந்ததும் போன் பண்ணுங்க."

எதற்கு இத்தனை அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன். வெளியே வயல்களில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஊரில் இறங்கி நடந்து, வீட்டு வாசலில் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டேன் எஸ்தர்."

"அப்பாடா. சார், இங்க உங்க பேர்ல ஒரு ஃபைலு நின்னுக்கினு கீது. மூடாமப் போயிட்டீங்க. நீங்க வீடு சேரட்டும்னு தொடாம வச்சிருக்கறேன். இப்ப அழிச்சுடட்டா?"

மாலையைக் கை மாற்றிக்கொண்டேன்.  

"அழிச்சுடும்மா" என்றேன்.

ஒரு விசை அழுந்தும் சத்தம் கேட்டது.

"ஆச்சு சார். மாலை போட்ட பூவெல்லாம் ஆபீஸ் பூரா எறஞ்சு கெடக்குது. விளக்கு வெக்கறதுக்குள்ள பெருக்கிடறேன்."

போனை அணைக்காமலே மேஜை மேல் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. சிமெண்டுத் தரையில் துடைப்பம் போகிற சத்தம் வந்தது. நான் செருப்பைக் கழற்றாமல், கையில் மாலையோடு, அந்தச் சத்தம் ஓயும்வரை வாசலிலேயே நின்றேன்.